இரு நிற மண்ணில் கட்டம் போட்ட ஜப்பானியப் பூச்சாடி (நெரிகோமி): கட்டை அடுக்குவது முதல் சூளை வரை

#1 நீலவெள்ளை

நெரிகோமி பூச்சாடி ஒன்றின் அளவுகளை வைத்து அதே அமைப்பில் செய்யப் பார்க்கிறேன். நேர் உருளை வடிவம், உயரம் 20 செ.மீ., விட்டம் 11 செ.மீ.க்குச் சற்று மேல். வெள்ளையும் நீலமும் மாறி மாறி வரும் சின்னச் சதுரக் கட்டம். உள்பக்கம் எட்டிப் பார்த்தாலும் அதே கட்டம்தான். வெளியே கிளேஸ் (சூட்டில் கண்ணாடியாகும் மேற்பூச்சு) இல்லை, தொட்டால் வழவழப்பு.

என்னிடம் இருப்பது 1220 டிகிரி வரை போகும் மின்சூளை. மாதிரித் தகடுகள் எல்லாமே நிறமும் நிறமும் சேரும் கோட்டில்தான் பிளக்கின்றன. எங்கே கோளாறு? இந்த அளவுக்கு எவ்வளவு மண் பிசைய வேண்டும்?

#2 கம்பியறுப்பு

உள்ளேயும் வெளியேயும் ஒரே கட்டம் என்றால் நிறம் சுவரின் முழுத் தடிமனுக்கும் ஓடுகிறது. மேலே பூசியதும் இல்லை, சக்கரத்தில் வனைந்ததும் இல்லை. கட்டையாக அடுக்கி, குறுக்கே அறுத்து, துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது.

கோட்டில் பிளப்பதற்குக் காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, இரண்டு மண்ணிலும் ஈரம் ஒரே அளவில் இல்லை. மற்றொன்று, இரண்டின் சுருக்கம் வேறு. காயும்போதே பிளந்தால் பெரும்பாலும் ஈரம். காய்ந்தபோது நன்றாக இருந்து சூளைக்குப் பிறகு பிளந்தால் சுருக்கம். உங்களுக்கு எந்த நிலையில் வருகிறது? என்னென்ன மண்?

#3 நீலவெள்ளை

இரண்டிலும் வருகிறது அண்ணா. வெள்ளை, கடையில் வாங்கிய ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கல்போல் இறுகும்) மண். நீலம், அதிலேயே 3% கோபால்ட் ஆக்சைடு சேர்த்தது. ஓரப் பட்டைக்குக் காவி நிறம் வேண்டுமென்று வேறொரு சிவப்பு மண்ணை வைத்தேன். அந்தப் பட்டைதான் மோசம், விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டது.

#4 சூளை1220

சிவப்பு மண்ணை முதலில் தூக்கிப் போடுங்கள். அது 1050 டிகிரியிலேயே இறுகி முடிந்திருக்கும். உங்கள் வெள்ளை அப்போதுதான் சுருங்கவே ஆரம்பிக்கும். இரண்டையும் ஒரே சுவரில் ஒட்டினால் பிளக்காமல் என்ன செய்யும்?

ஜப்பானில் இதைத் தீர்த்த விதம் தெளிவானது. பல நிற மண்ணைக் கலந்து பாத்திரம் செய்வது சீனாவில் தாங் காலத்திலேயே (618-907) உண்டு. ஜப்பானில் மோமொயாமா காலத்தில் (16-ஆம் நூற்றாண்டின் கடைசி) மினோ பகுதியின் ஷினோ என்ற வெள்ளைக் கிளேஸ் பாத்திரங்களில் வந்தது. பிற்பாடு அதை எடுத்து நிறுத்தியவர் இபாராகி மாகாணம் கசாமாவில் ஒரு பௌத்தக் கோயிலின் தலைமைத் துறவியாக இருந்த மட்சுய் கோசெய் (1927-2003). 1993-ல் நெரியாகே (நிற மண்ணைச் சேர்த்துச் செய்யும் இதே வேலைக்கு இன்னொரு பெயர்) நுட்பத்துக்காக 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று ஜப்பான் அரசால் அறிவிக்கப்பட்டவர். அவர் பிடித்துக்கொண்ட வழி, அடிமண் ஒன்றே, நிறம் மட்டும் வேறு. ஒரே மண்ணைப் பங்கு போட்டு ஒவ்வொரு பங்கிலும் நிறப்பொருள் சேர்ப்பது. சுருக்கத் தொல்லையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

காவி வேண்டுமென்றால் அதே வெள்ளையில் 4 முதல் 6% சிவப்பு இரும்பு ஆக்சைடு. அதற்கு மேல் போனால் அந்தப் பங்கு மற்றதைவிடச் சீக்கிரம் இறுகும். 3% கோபால்ட்டும் வீண் செலவு, கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். 0.5% போட்டால் நடுத்தர நீலம், 1% அடர்நீலம். ஆக்சைடு புள்ளி புள்ளியாக நிற்கும். கார்பனேட் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருந்தாலும் சீராகப் பரவும்.

#5 கம்பியறுப்பு

சதவீதம் எல்லாம் உலர் எடைக்கு. ஈர மண்ணுக்குக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நிறம் மாறும். 100 கிராம் ஈர மண்ணை அடுப்பில் முழுக்க உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். 78 கிராம் வந்தால் ஈரம் 22%. அப்போது 1.1 கிலோ ஈர மண்ணில் உலர் எடை 858 கிராம். 1% என்றால் 8.6 கிராம். ஸ்டெயின் பொடி (கடையில் தயாராகக் கிடைக்கும் நிறப்பொடி) 5% போடுவதென்றால் 43 கிராம்.

பொடியை அப்படியே தூவிப் பிசையாதீர்கள். மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து, 100 மெஷ் சல்லடையில் வடித்து, மண்ணைக் கெட்டித் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து அதில் கலக்குங்கள். பிறகு பிளாஸ்டர் பலகையில் ஊற்றி, விளிம்பு தானாக உரிந்து வரும்வரை விட்டுப் பிசையுங்கள். பொடியைத் தொடும்போது கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவது: நீலத்தை மட்டும் கரைத்து உலர்த்திப் பிசைவார்கள், வெள்ளையைப் பொட்டலத்திலிருந்து நேராக எடுத்து அடுக்குவார்கள். வெள்ளையையும் அதேபோல் கரைத்து, அதே பலகையில் ஊற்றி, அதே நாளில் எடுக்க வேண்டும். பிறகு இரண்டு உருண்டையையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இரண்டு நாள் வையுங்கள். கட்டைவிரலால் ஒரே அழுத்தம் கொடுத்தால் இரண்டிலும் ஒரே ஆழத்துக்குக் குழி விழ வேண்டும். விழவில்லையென்றால் அடுக்க ஆரம்பிக்காதீர்கள்.

#6 பச்சைமண்

அடுக்குவதற்கு முன் ஒரு சோதனை. ஒவ்வொரு நிறத்திலும் 3 மி.மீ. தடிமன், 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை. இரண்டு நிறத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, பலகையில் தடையில்லாமல் உலர விடுங்கள். அப்படியே சூளைக்கும் அனுப்புங்கள், கடைசிச் சூடு வரை.

அதிகம் சுருங்கும் மண்ணின் பக்கம் பட்டை குழிந்து வளையும். உலர்ந்ததும் வளைந்திருந்தால் ஈரம் அல்லது பிளாஸ்டிக் தன்மையில் வித்தியாசம். நேராக உலர்ந்து சூட்டில் வளைந்தால் நிறப்பொருள் மண்ணை இளக்குகிறது. அப்படியானால் நிறத்தைக் குறையுங்கள், அல்லது அந்தப் பங்கில் 3-5% நைசான வெள்ளை க்ராக் (சுட்ட மண்ணை அரைத்த பொடி, grog) சேருங்கள்.

தனித்தனிச் சுருக்கம் தெரிய, பட்டையில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கிழித்துச் சுட்டு அளக்கலாம். 12% வந்தால் 8.8 செ.மீ. நிற்கும். இரண்டு நிறத்துக்கும் அரை சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் பூச்சாடிக்கு எடுக்க மாட்டேன், தட்டோடு நிறுத்திக்கொள்வேன். தட்டு நெளிந்து சமாளிக்கும். மூடிய உருளைக்கு நெளிய இடம் கிடையாது.

#7 கம்பியறுப்பு

> எவ்வளவு மண் பிசைய வேண்டும்?

12% சுருக்கத்துக்குக் கணக்கு: சுட்டபின் 20 செ.மீ. வேண்டுமென்றால் பச்சையில் (சுடாத ஈர மண்ணில்) 22.7, சீவலுக்கும் சேர்த்து 23. ஒரு துண்டு 48×48 மி.மீ. என்று வைத்தால் சுற்றுக்கு 8, உயரத்துக்கு 5, மொத்தம் 40 துண்டு. தடிமன் 7 மி.மீ. என்றால் 28 செ.மீ. நீளக் கட்டை தேவை. கட்டையின் இரு முனையிலும் ஒன்றரை செ.மீ. கோணலாகப் போய்விடும். ஆகவே 18 செ.மீ. நீளத்தில் இரண்டு கட்டை. அடித்தட்டு, ஓர வெட்டு எல்லாம் சேர்த்து நிறத்துக்கு 1.1 கிலோ போதும்.

கட்டம் போடும் முறை:

8 மி.மீ. தகடுகளாக உருட்டுங்கள். இரண்டு பக்கமும் 8 மி.மீ. மரச்சட்டம் வைத்து அதன் மேல் உருளையை ஓட்டினால் தடிமன் மாறாது. வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம் என்று ஆறு தகடு. எண்ணிக்கை இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும். ஏனென்று இதோ சொல்கிறேன்.

48 மி.மீ. உயரத்தில் ஓர் அடுக்கு கிடைக்கும். அதை நீளவாக்கில், செங்குத்தாக, 8 மி.மீ. பட்டைகளாக ஆறு அறுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பித் திரும்பச் சேருங்கள். மேலே வெள்ளையும் கீழே நீலமும் இருந்த பட்டை, திருப்பியதும் மேலே நீலமாகும், கட்டம் விழும். அடுக்கு ஐந்தோ ஏழோ ஆனால் மேலும் கீழும் ஒரே நிறம், எத்தனை முறை திருப்பினாலும் கோடு கோடாகவே நிற்கும்.

சேர்க்கும் முகம் ஒவ்வொன்றையும் லேசாகக் கீறி, குழம்பு தடவி, காற்று போகும்படி நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். குழம்பு அதே வெள்ளை மண்ணின் உலர்ந்த துகளைக் கரைத்தது, தண்ணீரோடு கொஞ்சம் வினிகர். வினிகர் விட்டால் குழம்பு கெட்டியாகி ஒட்டி நிற்கும். தண்ணீர்க் குழம்பு என்றால் அந்தக் கோடு மட்டும் அதிகம் சுருங்கிக் கீறலாகும்.

கட்டையைப் பலகையால் நாலு பக்கமும் தட்டிச் சதுரமாக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி இரண்டு நாள் ஓய்வு. அன்றே அறுத்தால் கம்பி இழுக்கும் பக்கம் நிறம் இழுபடும், கட்டத்தின் மூலை மழுங்கும்.

#8 திகிரி

இவ்வளவு மெனக்கெடாமல் அடுக்கைச் சக்கரத்தில் வைத்து வனைந்துவிடலாமே? நெரியாகே என்று பெயர் வாங்கிய பழைய வேலைகள் பலவும் வனைந்ததுதானே.

#9 சூளை1220

வனையலாம், ஆனால் கட்டம் கிடைக்காது. வனையும்போது மண் மேலே ஏறிக்கொண்டே திருகும். நேர்க்கோடு சுருளாகிவிடும். மர ரேகை, காடை இறகு மாதிரியான உருவத்துக்கு அந்தத் திருகல் அழகு. சதுரத்துக்கு எமன்.

மட்சுய் செய்ததையே பாருங்கள். அவரது பிளவுபட்ட மேல்தோல் வகையில் நிற மண் உருளையைச் சக்கரத்தில் நிறுத்தி, வெளிப்பக்கத்தைக் கையால் தொடாமல் உள்ளிருந்து மட்டும் தள்ளி விரிப்பார். வெளித்தோல் நீளாமல் வெடிக்கும், அந்த வெடிப்பே அலங்காரம். வெளியே விரல் பட்டால் நிறங்கள் இழுகிக் கலங்கிவிடும் என்பதுதான் அங்கேயும் விஷயம். சாடோ தீவின் ஐந்தாம் இதோ செகிசுய் (2003-ல் அதே விருது) பொன்சுரங்கப் பகுதியின் இரும்புச் சத்துள்ள சிவப்பு மண்ணை வைத்துப் பூக்கோலம் போட்டார். அதுவும் கட்டையை அறுத்துச் சேர்க்கும் வேலைதான்.

வாங்குபவர்களுக்கும் இது உதவும். கோலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று ஏறினால் வனைந்தது. நிமிர்ந்து நின்று, எங்காவது ஒரு நெடுக்கு இணைப்பு தென்பட்டால் கட்டியது. உள்ளே வெறும் வெள்ளை என்றால் மெல்லிய மேல்தோல் ஒட்டியது அல்லது மேலே அச்சடித்தது.

#10 நீலவெள்ளை

உருளையாகச் சுற்றுவதற்கு என்ன அச்சு? பிளாஸ்டர் அச்சு வார்க்க வசதி இல்லை.

#11 கம்பியறுப்பு

பிவிசி குழாய் போதும். 110 மி.மீ. குழாயின் மேல் செய்தித்தாளை 2.6 மி.மீ. தடிமன் வரும்வரை சுற்றுங்கள். அப்போது மண் சுவரின் நடுக்கோட்டு விட்டம் 122 மி.மீ., சுற்றளவு 384 மி.மீ. உங்கள் 8 துண்டு × 48-ம் 384. ஒரு வரிக்கு 48 கட்டம், இரட்டைப்படை. ஆகவே இணைப்பில் வெள்ளையும் நீலமும் மாறியே வரும், மடிப்பு தெரியாது.

துண்டுகளைத் துணி விரித்த பலகையில் கிடத்திச் சேர்த்து, ஒரு முழுப் பாயாக்கிச் சுற்ற வேண்டும். துணியோடு தூக்கினால்தான் கிழியாது.

#12 பச்சைமண்

கணக்கு சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பாயைச் சேர்த்தபின் மேலே உருளை ஓட்டாமல் இணைப்பு இறுகாது. 7.5 மி.மீ. அறுத்து 7-க்கு உருட்டினால் 48 மி.மீ. துண்டு 49.7 ஆகும். எட்டுத் துண்டுக்கு 13 மி.மீ.க்கு மேல் கூடும். அதை வெட்டி எறிந்தால் கட்டத்தின் நடுவில் வெட்டு விழும், இணைப்பு அசிங்கமாகத் தெரியும்.

#13 கம்பியறுப்பு

நியாயம். அப்படியானால் முதலில் உருட்டுங்கள், பாயை அளங்கள், பிறகு காகிதம் சுற்றுங்கள். 13 மி.மீ. கூடினால் விட்டத்தில் 4 மி.மீ.க்குச் சற்று மேல், அதாவது காகிதம் இன்னும் 2.1 மி.மீ. தடிமன். பாயை வெட்டிச் சரிசெய்யாமல் குழாயைப் பாய்க்கு ஏற்பச் சரிசெய்வதுதான் காகிதத்தின் பயன். உருளையை நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் சதுரம் செவ்வகமாகும். 7.5 என்றால் கட்டையும் மொத்தத்தில் 2 செ.மீ. கூட வேண்டும், ஒவ்வொன்றையும் 19 ஆக்குங்கள். மண்ணும் அதற்கேற்ப ஒரு கைப்பிடி கூடும்.

காகிதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மண் சுருங்கும், குழாய் சுருங்காது. சுவர் தானாக நிற்கும் பதம் வந்ததும் (சில மணி நேரம்தான்) குழாயைத் திருகி உருவிவிடுங்கள். காகிதம் உள்ளேயே இருக்கட்டும், பிறகு உரிக்கலாம். குழாயோடு இரவு முழுக்க விட்டால் காலையில் மேலிருந்து கீழ்வரை ஒரே கீறல்.

நெடுக்கு இணைப்பை 45 டிகிரி சாய்வாகச் சீவி ஒட்டுங்கள், முட்டி ஒட்டாதீர்கள். அடித்தட்டை உருளையின் கீழே வைத்து ஒட்டி, உள்மூலையில் மெல்லிய மண் திரி ஒன்றை அழுத்துங்கள். அடித்தட்டும் அதே மண்ணிலிருந்து, அதே நாளில் அறுத்தது. 'அடி யாருக்குத் தெரியும்' என்று பழைய மண்ணை வைத்தால் அதுதான் முதலில் கழன்றுகொள்ளும்.

#14 நீலவெள்ளை

மேற்பரப்பு கலங்கலாக இருக்கிறது. கட்டம் புகை படிந்த மாதிரி.

#15 பச்சைமண்

அப்படித்தான் இருக்கும். அறுத்த கம்பியும் உருளையும் நிறத்தை இழுகிவிட்ட தோல் அது. ஈரப் பஞ்சால் துடைக்காதீர்கள், இன்னும் பரவும்.

அழுத்தினால் வளையாமல், நகம் வைத்தால் மட்டும் கோடு விழும் பதத்தில் எஃகுத் தகட்டை நிமிர்த்திப் பிடித்து முதல் சீவல். சுருள் சுருளாக வர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் காயவில்லை, பொடியாக உதிர்ந்தால் தாமதம். தகட்டைக் கட்டத்தின் கோட்டோடு ஓட்டாமல் மூலைவாட்டில் ஓட்டுங்கள். ஒரே கோட்டில் ஓட்டினால் மென்மையான நிறம் பள்ளமாகத் தோண்டுப்படும். ஒவ்வொரு சில இழுப்புக்கும் தகட்டைத் துடையுங்கள், நீலத் துகள் வெள்ளையில் கோடு இழுக்கும். மொத்தம் அரை மி.மீ. எடுத்தால் கட்டத்தின் ஓரம் பிளேடால் வெட்டியது மாதிரி தெளியும்.

ஈரமே இல்லாமல் முழுக்க உலர்ந்தபின் தேய்க்க ஆசை வரும். வேண்டாம், சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு. மிச்ச வழவழப்பை முதல் சூட்டுக்குப் பிறகு, தண்ணீருக்குள் வைத்து 220, 400 எண் நீர்த்தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) எடுங்கள்.

உலர்த்துவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள். முதல் நான்கு நாள் மெல்லிய பிளாஸ்டிக்கில் இறுக மூடி, பிறகு தினமும் கொஞ்சம் தளர்த்தி. விளிம்பு முந்திக் காயும் என்பதால் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே செய்தித்தாள் இரண்டு மடிப்பு. மின்விசிறி பக்கம் வைக்கவே கூடாது.

#16 சூளை1220

சூடு. முதல் சூடு 900 முதல் 950. ஆரம்பத்தில் மணிக்கு 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். இணைப்புகளுக்குள் தங்கிய ஈரம் மற்றப் பாத்திரங்களைவிட மெதுவாக வெளியேறும். 573 டிகிரியில் சிலிக்கா திடீரென விரியும், ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். கடைசிச் சூடு 1220.

கிளேஸ் பற்றி: வெளியே பூசாமல் விடுங்கள். தடித்த தெளிகிளேஸ் கோபால்ட்டைக் கரைத்துக் கட்டத்தின் ஓரத்தை மங்கடிக்கும். அவ்வளவு நேரம் சீவித் தெளிய வைத்ததை நீங்களே மறைப்பதுதான் மிச்சம். வேறு நிறம் பிடிப்பவர்களுக்கு இன்னும் மூன்று. குரோம் பச்சை இருந்தால் துத்தநாகம் உள்ள கிளேஸ் ஆகாது, பழுப்பாகும். டின் (வெள்ளீயம்) உள்ள வெள்ளைப் பக்கத்தில் குரோம் இருந்தால் ஆவி பட்டு இளஞ்சிவப்பு படரும். மண்ணுக்குள் தாமிரம் சேர்க்காதீர்கள், இளக்கவும் செய்யும், ஆவியாகிப் பக்கத்தையும் கறைப்படுத்தும்.

#17 திகிரி

உள்ளே மட்டும் கிளேஸ் விட்டால் தண்ணீர் நிற்குமே?

#18 சூளை1220

நிற்கும், ஆனால் 6-7 மி.மீ. சுவரில் உள்ளே மட்டும் தடிப்பாகப் பூசினால் ஆபத்து. மண்ணைவிடக் குறைவாகச் சுருங்கும் கிளேஸ் உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சூளையிலிருந்து நன்றாக எடுத்து, சில நாள் கழித்து மேசையில் இருக்கும்போதே 'டிக்' என்று நெடுக்காகப் பிளக்கும். கட்டின சாடியில் இணைப்புக் கோடு ஏற்கெனவே இருப்பதால் அதற்கு வழி தேட வேண்டியதே இல்லை. பூசினால் மெல்லிசாக, உங்கள் மண்ணோடு பொருந்துகிறதா என்று ஒரு கிண்ணத்தில் பார்த்தபின் பூசுங்கள்.

பூசாமலும் சமாளிக்கலாம். அதே சூட்டில் சுட்ட ஒரு சில்லை நிறுத்து, இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்க விட்டு, அப்படியே ஆறவிட்டு, துடைத்துத் திரும்ப நிறுங்கள். எடை 1%க்கு மேல் கூடவில்லையென்றால் மண் நன்றாக இறுகிவிட்டது. சாடியிலும் தண்ணீர் நிரப்பி, காய்ந்த செய்தித்தாளின் மேல் இரவு வைத்துப் பாருங்கள். அடி ஓரத்தில் காகிதம் சுருங்கியிருந்தால் அந்த இணைப்பு கசிகிறது.

#19 நீலவெள்ளை

புதிதாக, ஒரே அடிமண்ணில் செய்த பட்டைச் சோதனை முடிந்தது. 1% நீலம், வெள்ளை இரண்டும் நேராகவே வந்தன. 5% இரும்பு போட்ட காவி மட்டும் சூட்டில் காவிப் பக்கமாக லேசாக வளைந்தது. 15 செ.மீ.க்கு நடுவில் 2 மி.மீ. போல இடைவெளி. காவியை ஓரப் பட்டையாக வைக்கலாமா?

#20 பச்சைமண்

4%க்கு இறக்கித் திரும்பச் சுடுங்கள். அதிலும் வளைந்தால் க்ராக் 3%. எப்படியானாலும் விளிம்பைச் சுற்றி முழு வளையமாக வைக்காதீர்கள். அதிகம் சுருங்கும் மண் வளையமானால் வாயை இறுக்கும், அந்த வளையமே செங்குத்தாகப் பிளக்கவும் கூடும். கட்டத்துக்குள் அங்கங்கே ஒற்றைச் சதுரமாகக் காவி வரட்டும். அதற்கு அடுக்கும்போதே ஒரு நீலத் தகட்டின் இடத்தில் காவித் தகடு வைத்தால் போதும்.

#21 கம்பியறுப்பு

அப்படி வைத்தால் திருப்பும் பட்டைகளிலும் காவி வரும், தலைகீழ் இடத்தில். ஆறில் இரண்டாவது தகட்டைக் காவியாக்கினால் திருப்பிய பட்டையில் அது ஐந்தாவது. ஒரு துண்டில் மூன்று மேலே, மூன்று கீழே. அது பிடிக்கவில்லையென்றால் இரண்டு அடுக்கு தனித்தனியாகச் செய்து, திருப்ப வேண்டிய பட்டைகளைக் காவி இல்லாத அடுக்கிலிருந்து எடுங்கள்.

#22 நீலவெள்ளை

மூன்று மேலே, மூன்று கீழே நன்றாகவே இருக்கும் போலிருக்கிறது. 4% கலவை பலகையில் ஊற்றியாயிற்று. வெள்ளையும் பக்கத்திலேயே.

#23 பச்சைமண்

பலகை ஒன்றுதானா? காவி ஊற்றின இடத்தில் அடுத்த முறை வெள்ளையை ஊற்றாதீர்கள், பிளாஸ்டர் கறையை வாங்கி வைத்துக்கொள்ளும். பின்பக்கம் ஒரு பென்சில் கோடு போட்டு இடத்தைப் பிரித்துவிடுங்கள்.